பதக்கத்துக்காகப் பிளஸ் ஒன்னை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்னிஸ், ஸ்குவாஷ், நீச்சல், தடகளம் ஆகியவற்றில் மாநில, தேசிய அளவில் ஆடும் பிள்ளைகளை அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப நினைக்கும் குடும்பங்கள் நம்மிடம் பெருகிவருகின்றன. தமிழ்நாட்டு ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழக அணிக்கு ஆடியதைப் போன்ற முன்னுதாரணங்கள் கண்முன் இருக்கும்போது ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த ஆசையோடு ஒரு தவறான நம்பிக்கையும் வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது: ‘ஆட்டத்தில் பெயர் வாங்கிவிட்டால் மார்க்கை அவர்கள் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள்.’ இதை நம்பி ஒன்பதாம் வகுப்பையும் பிளஸ் ஒன்னையும் போட்டிகளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தச் சேர்க்கைமுறையின் நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால், அங்கே முடிவைத் தீர்மானிக்கும் ஆண்டே பிளஸ் ஒன்தான் என்பது தெரியும். அதை விளக்கவே இக்கடிதம்.

இந்த நம்பிக்கைக்கு வேர் நம் ஊரில் இருக்கிறது. இங்கே பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் தனியாக இருக்கின்றன. பிளஸ் டூவில் தகுதி மதிப்பெண் எடுத்திருந்தால், சான்றிதழ்களுக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். ஆகவே ‘விளையாட்டு ஒதுக்கீடு’ என்றதும் மதிப்பெண் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும் ஒரு தனி வரிசைதான் நம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் அப்படித் தனி வரிசை கிடையாது. அங்கே பயிற்சியாளர் பரிந்துரைப்பார். சேர்க்கை அலுவலகம் முடிவெடுக்கும். பயிற்சியாளர் எவ்வளவு விரும்பினாலும், சேர்க்கை அலுவலகம் மறுத்துவிட்டால் அவரால் அந்த மாணவரைச் சேர்க்க முடியாது.

‘ஹார்வர்டில் விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைக்கிறதாமே’ என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்த வழக்கில் வெளியான தரவுகளிலிருந்து வந்த எண் அது, எண் சரியானதே. பயிற்சியாளர் தெரிந்தெடுத்த வீரர்களின் விண்ணப்பங்களில் அவ்வளவு பங்கு ஏற்கப்பட்டது. ஆனால் அந்த விண்ணப்பங்கள் போவதற்கு முன்பே ஒரு சல்லடை சலித்துவிடுகிறது. மதிப்பெண் போதாதவர்களிடம் பயிற்சியாளர் முந்தைய கோடையிலேயே ‘வேறு இடம் பார்’ என்று சொல்லிவிடுகிறார். அவர்கள் அந்த 86 சதவீதக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

அந்தச் சல்லடைக்கு அங்கே ‘ப்ரீ-ரீட்’ என்று பெயர். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மவுத், பிரவுன், பென்சில்வேனியா ஆகிய எட்டும் சேர்ந்த ஐவி லீகிலும், அதே தரத்திலுள்ள சிறிய கல்லூரிகள் பலவற்றிலும், மாணவர் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் ஆண்டின் ஜூலை மாதத்தில் இது தொடங்குகிறது. பயிற்சியாளர் கேட்கும் தாள்கள் இவை: 9, 10, 11-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கப்போகும் பாடங்களின் பட்டியல், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் அல்லது ஏசிடி தேர்வு மதிப்பெண், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. இவற்றை அவர் சேர்க்கை அலுவலகத்தில் கொடுப்பார். அங்கிருந்து ‘முன்னேறலாம்’, ‘இன்னும் மதிப்பெண் வேண்டும்’, ‘வேண்டாம்’ என்கிற வகையில் ஒரு பதில் வரும்.

தேதியைக் கவனியுங்கள். நம் மாணவருக்கு அப்போது பிளஸ் டூ தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். நாம் உயிரைக் கொடுத்துப் படிக்கவைக்கும் பிளஸ் டூவின் ஒரு மதிப்பெண்கூட அந்த மேசையில் இருக்காது. மேல்நிலை வகுப்புகளிலிருந்து இருப்பது பிளஸ் ஒன் ஆண்டுத்தேர்வு மட்டுமே. நம் பள்ளிகளில் மிக அலட்சியமாக நடத்தப்படும் வகுப்பும் அதுதான். தனியார் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டிவிட்டு, பாதியிலேயே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீங்கிவிட்டது. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் இப்போது பிளஸ் ஒன் மதிப்பெண் முழுக்கப் பள்ளியின் கையில் இருக்கிறது. போட்டிக்குப் போன நாளில் நடந்த தேர்வுக்கு ‘வரவில்லை’ என்று குறித்து, ஆண்டு முடிவில் ‘தேர்ச்சி’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டால் உள்ளூரில் யாருக்கும் நஷ்டமில்லை. கடல் கடந்து அதைப் படிப்பவருக்கோ, அது படிக்காத மாணவரின் தாள்.

ஒன்பதாம் வகுப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரை நான்காண்டு. எனவே நான்கு ஆண்டுகளின் மதிப்பெண்ணையும் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டு, மூன்று ஆண்டு கழித்துப் பள்ளியில் தேடி அலைவது வழக்கமாக நடக்கிறது. ஆண்டு முடிந்ததுமே தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு இரண்டு படிகள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பொறி, ‘ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு ஆடட்டும்’ என்ற யோசனை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின், ஐவி லீகும் அடங்கிய முதல் பிரிவில் ஆட, ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து நான்கே ஆண்டுகளுக்குள் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றின் சராசரி 4க்கு 2.3க்குக் குறையக்கூடாது. பத்தாம் வகுப்பையோ பிளஸ் ஒன்னையோ திரும்பப் படித்தாலும், நடுவில் இடைவெளி விட்டாலும் இந்தக் கணக்கு உதைக்கும். 2.3 என்பது வாசற்படி மட்டுமே என்பதையும் மறக்கவேண்டாம். அந்தச் சராசரியோடு ஐவி லீக் பக்கம் போகவே முடியாது.

ஐவி லீகில் ‘அகாடமிக் இண்டெக்ஸ்’ என்றொரு கணக்கு உண்டு. பள்ளி மதிப்பெண்ணையும் சாட் மதிப்பெண்ணையும் சேர்த்து ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எண் போடுவார்கள். தனி ஆளுக்குக் கீழ்வரம்பு உண்டு. அதோடு, சேர்க்கப்படும் வீரர்களின் சராசரி, அந்தப் பல்கலைக்கழக மாணவர்களின் பொதுச் சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கத்துக்கு (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதற்கான அளவு) மேல் கீழே போகக்கூடாது. இதன் விளைவு நம் பிள்ளைகளுக்கு மிகவும் முக்கியம். மதிப்பெண் குறைந்த ஓர் அபார ஆட்டக்காரரை எடுக்க விரும்பும் பயிற்சியாளர், அந்தப் பள்ளத்தை நிரப்ப மதிப்பெண் மிகுந்த வேறொருவரைத் தேடுவார். ஆட்டத்தில் ஒரு படி குறைந்து, படிப்பில் மேலே நிற்கும் மாணவருக்கு அங்கே மதிப்பு உண்டு. இந்திய மாணவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் திறக்கக்கூடிய வழி இதுவே. இதை விட்டுவிட்டு, எகிப்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வரும் உலகத் தரவரிசை வீரர்களோடு ஆட்டத்தில் மட்டும் மோதுவது பலவீனமான இடத்தில் போய் நின்று சண்டை போடுவதாகும்.

இடங்கள் எத்தனை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கல்லூரி ஸ்குவாஷில் ஓர் அணிக்கு 9 பேர் ஆடுகிறார்கள். டென்னிஸில் ஒற்றையர் ஆட்டம் 6. நான்கு ஆண்டு மாணவர்களும் சேர்ந்த அணி அது. ஆகவே ஓர் ஆண்டில் ஸ்குவாஷ் பயிற்சியாளருக்குத் தேவை இரண்டு மூன்று பேர், டென்னிஸ் பயிற்சியாளருக்கு இரண்டு பேர். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பின், அதில் சேர்ந்த பெரிய பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் அணிக்கு 10 பேர்தான் என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. ஐவி லீக் அதில் சேரவில்லை. பிரவுன் பல்கலைக்கழகம் 2020இல் ஸ்குவாஷ் அணியைப் போட்டி நிலையிலிருந்தே நீக்கிவிட்டது. எந்தக் கல்லூரியில் எந்த ஆட்டம் இருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் சரிபார்ப்பது அவசியம்.

நம் ஊரின் செல்ல விளையாட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட், கபடி, கேரம், சிலம்பம் ஆகியவற்றில் எவ்வளவு உயர்ந்த பதக்கம் வாங்கினாலும் இந்தப் பல்கலைக்கழகங்களில் பரிந்துரைக்கப் பயிற்சியாளரே கிடையாது. சதுரங்கமும் அப்படியே. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம் போன்ற சில இடங்கள் சதுரங்கத்துக்கு உதவித்தொகை தருகின்றன. ஐவி லீகில் அந்த வழி இல்லை. அதற்காக அந்தப் பதக்கங்கள் வீண் என்று நினைக்கவேண்டாம். பல அமெரிக்கக் கல்லூரிகளும் ஏற்கும் பொது விண்ணப்பத்தில் (காமன் ஆப்) பாடம் தவிர்த்த செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள். அதில் முதலிடத்தில் எழுதலாம். ஆனால் அது பிற ஆற்றல்களோடு சேர்த்து எடைபோடப்படும். மதிப்பெண் குறைவை அது ஈடுகட்டாது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயிற்சியாளர் ஆதரவுக் குறிப்பு எழுதலாம். இடம் ஒதுக்கித் தர முடியாது. 2022இல் சாட் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கிய முதல் சில நிறுவனங்களில் அதுவும் ஒன்று. டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு ஆகியவை 2024இல் அதைப் பின்பற்றின. ஜூலை ப்ரீ-ரீடுக்குச் சாட் மதிப்பெண் கையில் இருக்கவேண்டுமானால் பிளஸ் ஒன் படிக்கும்போதே எழுதிவிட வேண்டும். டிசம்பரிலோ மார்ச்சிலோ முதல்முறை, தேவைப்பட்டால் மே அல்லது ஜூனில் இரண்டாம் முறை. ஆகஸ்டுக்குத் தள்ளினால் பயிற்சியாளர் அதற்குள் வேறொருவரைப் பார்த்திருப்பார்.

பயிற்சியாளரோடு தொடர்பு எப்போது? முதல் பிரிவின் பெரும்பாலான ஆட்டங்களில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை அவர் மாணவரின் மின்னஞ்சலுக்கு ஆள்சேர்ப்பு பற்றிப் பதில் எழுதக்கூடாது. அதற்குமுன் எழுதிப் பதில் வராததைக் கண்டு மனம் தளர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. ஜூன் 15க்கு முந்தைய வாரம் சுருக்கமாக ஒன்று எழுதலாம்: பிறந்த ஆண்டு, பள்ளி முடிக்கும் ஆண்டு, தரவரிசை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், முழு ஆட்டத்தின் காணொளி இணைப்பு. சிறந்த அடிகளை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளியால் பயனில்லை. தோற்ற புள்ளிக்குப் பிறகு எப்படி நடக்கிறார் என்பதையும் அவர்கள் பார்க்க விரும்புவார்கள்.

திறமைக்கான சான்று அவர்கள் படிக்கும் அளவுகோலில் இருக்கவேண்டும். டென்னிஸில், உலகெங்கும் வீரர்களை ஒரே அளவில் மதிப்பிடும் யு.டி.ஆர். எண்ணை முதலில் பார்ப்பார்கள். மாவட்டத் தடகளப் போட்டிகளில் கைக்கடிகாரத்தில் எடுத்த நேரத்தை அவர்கள் அப்படியே ஏற்பதில்லை. 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டத்தில் 0.24 வினாடி கூட்டிக்கொள்வார்கள். 11.0 என்று நாம் பெருமையாக எழுதுவது அங்கே 11.24. எனவே மின்னணு நேரக்கணக்கு உள்ள போட்டிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்றிலாவது ஓடியிருக்க வேண்டும். ஸ்குவாஷில் பயிற்சியாளர்கள் கூடும் பெரிய களங்கள் டிசம்பரில் நடக்கும் அமெரிக்க ஜூனியர் ஓப்பனும், ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பனும். இரண்டும் நம் அரையாண்டுத் தேர்வை ஒட்டி வருகின்றன. பிளஸ் ஒன்னில் இரண்டில் ஒன்றுக்குப் போனால் போதும்; ஒரே மூச்சில் இரண்டுக்கும் போனால் பயணமும் நேரமாற்றக் களைப்பும் சேர்ந்து மூன்று வாரப் படிப்பை எடுத்துக்கொள்ளும். போவதற்கு முன்பே மறுதேர்வு நாளைப் பள்ளியில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வந்தபின் கேட்டால் கேள்வித்தாள் தயாரிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி? வயது எத்தனையோ, வாரப் பயிற்சி மணி அதைத் தாண்டக்கூடாது என்று விளையாட்டு மருத்துவத் துறையினர் ஒரு வரம்பு சொல்கிறார்கள். பதினாறு வயதுக்குப் பதினாறு மணி. காலையில் ஒன்றரை மணி நேரம் வாரத்துக்கு நான்கு நாள், மாலையில் இரண்டு மணி நேரம் ஐந்து நாள் என்று வைத்தால் அதோடு சரி. ஒருநாள் முழு ஓய்வு. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கவேண்டிய பிள்ளையை இரவு பதினொன்றரை வரை டியூஷனில் உட்காரவைத்தால் முதலில் தூக்கம் போகும், அடுத்து கணக்கில் கவனம் போகும், பிறகு முழங்கால் போகும். வெட்டவேண்டியது தூக்கத்தை அல்ல. மூன்று பாடத்துக்கு மூன்று டியூஷன் என்பதை மிகப் பலவீனமான ஒரு பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பணம் பற்றிய குழப்பம் பெரியது. ஹார்வர்டில் விளையாட்டு உதவித்தொகை என்று ஒன்று கிடையாது. தமக்குள் செய்துகொண்ட 1954 உடன்பாட்டிலிருந்தே ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் அதைத் தருவதில்லை, என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவிலும் இல்லை. கிடைப்பது குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்த உதவி மட்டுமே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், டார்ட்மவுத், பிரவுன் ஆகியவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுப்பதில்லை. கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா கணக்கில் எடுக்கின்றன. ஆகவே ப்ரீ-ரீட் சமயத்திலேயே, குடும்பம் எவ்வளவு கட்டவேண்டிவரும் என்ற உத்தேசத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டம் பிடித்து, மதிப்பெண் பிடித்து, கடைசியில் பணத்தில் நின்றுபோனவர்கள் உண்டு.

பயிற்சியாளர் ‘உனக்கு என் ஆதரவு’ என்று சொன்னால் அது வாய்ச்சொல். ஐவி லீகில் அக்டோபர் 1க்குப் பிறகு சேர்க்கை அலுவலகமே அனுப்பும், இடம் கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரிவிக்கும் ‘லைக்லி லெட்டர்’ கைக்கு வந்த பிறகுதான் நம்பலாம். அதற்கும் நவம்பர் 1 கெடுவுக்குள் முழு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் பள்ளி ஆலோசகரின் கடிதமும் அதில் அடங்கும். வகுப்புக்கே வராமல் பெயருக்குச் சேர்ந்திருக்கும் ‘டம்மி ஸ்கூல்’ ஏற்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். முகமே தெரியாத மாணவரைப் பற்றி எந்த இயற்பியல் ஆசிரியர் என்ன எழுதுவார்? கடிதம் வந்ததும் படிப்பை விடுவதும் ஆபத்து. மே மாதம் வரும் பிளஸ் டூ முடிவைக் கடைசியாக அனுப்பியே ஆகவேண்டும். பெரிதாகச் சரிந்திருந்தால் இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.

‘இடம் வாங்கித் தருகிறோம்’ என்று பெரும் தொகை கேட்கும் முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. 2019 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிப்பட்ட மோசடியில், ஆடாத ஆட்டத்துக்குப் போலி வீரர் விவரம் தயாரித்துப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்திருந்தார்கள். பெற்றோரும் பயிற்சியாளர்களும் சிறைக்குப் போனார்கள். இன்று ஒரு சான்றிதழில் தேதி தவறாக இருந்தாலும் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

கடல் தாண்ட விரும்பாதவர்களுக்கும் இதே வரிசைதான். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுச் சாதனையாளருக்கு இரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. தேசிய அல்லது பன்னாட்டுப் போட்டியில் கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் பதக்கம் வேண்டும். ஆனால் அதற்குமுன் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசைப் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். பிளஸ் ஒன் கணக்கும் இயற்பியலும் இல்லாமல் அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க முடியாது.

சேர்ந்த பிறகும் இரட்டை வேலை ஓயாது. போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி என்று என்.சி.ஏ.ஏ. விதி சொல்கிறது. ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகத்தான் கணக்கிடப்படும். பேருந்துப் பயணம் கணக்கிலேயே வராது. மதிய ஆய்வகங்கள் நிறைந்த பொறியியல் படிப்பில் சேர விரும்புபவர், அதே துறையில் படித்துக்கொண்டே ஆடுபவர்கள் அந்த அணியில் எத்தனை பேர் என்று பயிற்சியாளரிடமே கேட்டுவிடலாம். நேர்மையான பயிற்சியாளர் பெயர்களைச் சொல்லி அவர்களோடு பேசவும் வைப்பார்.

பள்ளித் தலைமையாசிரியர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. போட்டிக்குப் போகும் மாணவருக்குப் பதினைந்து நாளுக்குள் மறுதேர்வு வைத்து, அந்த மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்விலேயே அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளுக்குப் போகும் வீரர்களுக்கு வேறு நாளில் எழுத வாய்ப்புத் தருகிறது. உள்தேர்வுக்கு அதைச் செய்யத் தடையேதும் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை அந்த ஆண்டு முழுவதும் நடத்துங்கள். பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி என்பதோடு நிறுத்தாமல், பாடவாரியாக எழுதி, வகுப்பின் உச்ச மதிப்பெண்ணையும் பக்கத்தில் குறித்து, மே மாதத்துக்குள் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஜூலையில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
இளையோர் விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரும் மேல்நிலைக் கணித ஆசிரியர் ஒருவரும்,
சென்னை.